விளம்பரக் கதவுக்கு ஒரு பூட்டு!



எங்கள் ஊர் திண்டுக்கல். ஊர்ப் பெயரைச் சொன்னதும், உங்களில் பாதிப் பேருக்கு பிரியாணி ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு பூட்டு ஞாபகம் வரும். இன்று நான் பேசப் போவது பூட்டைப் பற்றித்தான். ஆனால், இது இரும்புப் பூட்டு அல்ல. கண்ணுக்குத் தெரியாத பூட்டு!

கோடை விடுமுறையில் ஒரு நாள் மதியம். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்தான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். கையில் அவன் அம்மாவின் மொபைல் போன். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"தாத்தா... அம்மா போனுக்கு என்னமோ ஆகிப்போச்சு. அப்பா பார்த்தா கொன்னுடுவாரு!" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். திரை முழுவதும் சிவப்பு. நடுவில் பெரிய எழுத்தில், 'ஆபத்து! உங்கள் போனில் 17 வைரஸ்கள் உள்ளன. இரண்டு நிமிடத்தில் சிம் கார்டு செயலிழக்கும். உடனே இங்கே அழுத்தவும்' என்று இருந்தது. கீழே ஒரு கடிகாரம், வினாடிகளைக் குறைத்துக் கொண்டே வந்தது.

"நீ அழுத்தினியாடா?"

"முதல் தடவை வந்தப்போ அழுத்திட்டேன் தாத்தா. ஏதோ ஒரு ஆப் இறங்குச்சு. அதிலேர்ந்து போனைத் திறந்தாலே விளம்பரமா வருது. புதுப்படம் இலவசமா பார்க்கலாம்னு ஒரு வெப்சைட்டுக்குப் போனேன்..." என்றவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் அழுததற்குக் காரணம் இருக்கிறது. அவன் அம்மா, நூல் மில்லில் வேலை பார்ப்பவர். மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழும். அந்தக் கணக்கு இணைந்திருப்பது இந்தப் போனோடுதான்!

அந்தப் போனை என்ன செய்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், அந்தச் சிவப்புத் திரை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போமா?

காசு கொடுப்பது யார்?

இன்டர்நெட்டில் விளையாட்டு, பாட்டு, பாடம், செய்தி எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால், அதை நடத்துபவருக்குச் செலவு உண்டு. அந்தச் செலவுக்குப் பெரும்பாலும் விளம்பரம்தான் காசு கொடுக்கிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் செய்தித்தாள் குறைந்த விலைக்குக் கிடைப்பதற்கும், விளம்பரம் ஒரு காரணம். எனவே, விளம்பரம் என்றாலே கெட்டது என்று நினைத்து விடாதீர்கள்.

இணையத்தில் இப்போது நாம் பார்க்கும் பட்டை வடிவ விளம்பரம், 1994 அக்டோபர் 27ல், அமெரிக்காவின் 'ஹாட்வயர்டு' என்ற இணைய இதழில் தொடங்கியது. முதல் விளம்பரங்களில் ஒன்றைக் கொடுத்தது, 'ஏடி அண்டு டி' என்ற தொலைபேசி நிறுவனம். அப்போது, கொடுப்பவர் யார் என்று இதழுக்குத் தெரியும். இன்று நிலைமை வேறு.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்!

எங்கள் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் மிகப் பெரியது. விவசாயி மூட்டையைக் கொண்டு வந்து கமிஷன் கடையில் இறக்குவார். கமிஷன்காரர் ஏலம் விடுவார். வாங்கியவர் லாரியில் ஏற்றி, வெளியூர்க் கடைக்கு அனுப்புவார். கடைசியில் தக்காளி வாங்கும் உங்கள் அம்மாவுக்கு, அது யாருடைய தோட்டத்தில் விளைந்தது என்று தெரியுமா? தெரியாது.

இணைய விளம்பரமும் இப்படித்தான். நடுவில் இருக்கும் கமிஷன் கடைகளுக்கு, 'விளம்பர வலையமைப்பு' என்று பெயர். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்ததும், அதில் காலியாக இருக்கும் இடம் ஏலத்துக்குப் போகிறது. 'இவர் தமிழ்நாட்டில் இருக்கிறார். நேற்று கிரிக்கெட் மட்டை தேடினார்' என்பது போன்ற தகவலும் கூடவே போகிறது. அதிக விலை கேட்டவரின் விளம்பரம் உங்கள் திரைக்கு வருகிறது. இவ்வளவும், நீங்கள் கண் சிமிட்டும் நேரத்துக்குள் முடிந்து விடும். ஏலம் விடுவதும் கம்ப்யூட்டர். ஏலம் கேட்பதும் கம்ப்யூட்டர்!

ஒரு மூட்டை பல கை மாறி வரும்போது, உள்ளே ஒரு சொத்தைக் காயைத் திணிப்பது எளிதுதானே? திருடர்கள் கண்டுபிடித்த வழியும் அதுதான்.

பெரிய வீட்டிலும் புகுந்தார்கள்!

கடந்த 2009 செப்டம்பரில், உலகப் புகழ் பெற்ற 'நியூயார்க் டைம்ஸ்' செய்தித்தாளின் இணையதளத்தில் ஒரு விளம்பரம் வந்தது. 'வோனேஜ்' என்ற இணையத் தொலைபேசி நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, யாரோ இடம் பிடித்திருந்தனர். முதலில் ஒழுங்கான விளம்பரம்தான் வந்தது. ஒரு வார இறுதியில், அது 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று மிரட்டும் பொய் எச்சரிக்கையாக மாறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனை மிரட்டியதும், இதே பழைய தந்திரம்தான்!

2016 மார்ச்சில் இன்னும் பெரிய தாக்குதல். நியூயார்க் டைம்ஸ், பிபிசி, எம்எஸ்என், ஏஓஎல் போன்ற தளங்களில், விளம்பர வலையமைப்புகள் வழியாக நச்சு விளம்பரங்கள் நுழைந்தன. இவற்றை அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. பழைய மென்பொருள் இருந்த கம்ப்யூட்டரில், அதன் ஓட்டை வழியாகத் தானாகவே உள்ளே போய்விடும். பிறகு கோப்புகளை எல்லாம் பூட்டி, 'பணம் கொடுத்தால் திறப்போம்' என்று மிரட்டும். பூட்டு எங்கள் ஊரில் காவலுக்கு, அங்கே கொள்ளைக்கு!

2024 டிசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் இன்னொன்றைக் கண்டுபிடித்தது. திருட்டுத்தனமாகப் படம் காட்டும் இணையதளங்களில் இருந்த நச்சு விளம்பரங்கள் வழியே, உலகம் முழுவதும் ஏறத்தாழ 10 லட்சம் கம்ப்யூட்டர்களும் பிற சாதனங்களும் பாதிக்கப்பட்டிருந்தன. இலவசப் படத்தின் உண்மையான விலை என்ன என்று இப்போது புரிகிறதா?

இந்தியாவுக்கு வந்த 'ஸ்மித்'

நம் நாட்டைத்தான் அதிகம் பாதித்த கதை ஒன்று உண்டு. 2019 ஜூலையில், 'செக் பாயின்ட்' என்ற பாதுகாப்பு நிறுவனம் இதை வெளியிட்டது. உலகம் முழுவதும் இரண்டரைக் கோடி ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு தீய மென்பொருள் புகுந்திருந்தது. அதில், ஒன்றரைக் கோடி போன்கள் இந்தியாவில் இருந்தவை!

அதற்கு வைத்த பெயர், 'ஏஜென்ட் ஸ்மித்'. 'மேட்ரிக்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தில், மற்றவர்களை எல்லாம் தன்னைப் போலவே மாற்றிவிடும் வில்லனின் பெயர் அது. இந்த மென்பொருளும் அப்படித்தான். விளையாட்டு ஆப், போட்டோவை அழகாக்கும் ஆப் என்று வேஷம் போட்டு வந்தது. பெரும்பாலும், '9ஆப்ஸ்' என்ற வெளி ஆப் கடை மூலம் பரவியது. போனுக்குள் வந்ததும், கூகுள் சம்பந்தப்பட்ட ஆப் போல ஒளிந்து கொண்டது. பின், வாட்ஸ்ஆப் போன்ற நல்ல ஆப்களை, வீட்டுக்காரருக்குத் தெரியாமலேயே போலியாக மாற்றி வைத்தது. அந்தப் போலிகள், ஓயாமல் விளம்பரம் காட்டித் திருடர்களுக்குக் காசு சம்பாதித்துக் கொடுத்தன.

'விளம்பரம்தானே காட்டியது... என்ன பெரிய நஷ்டம்?' என்று கேட்கலாம். விளம்பரம் காட்டத் தெரிந்த அந்தக் கை, நினைத்தால் வங்கித் தகவலையும் எடுத்திருக்க முடியும் என்று, அந்த நிறுவனமே எச்சரித்தது.

அட்டவணையை மாற்றிய கூட்டம்

இன்னொரு கூட்டம், எஸ்டோனியா நாட்டைச் சேர்ந்தது. இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால், அது இருக்கும் இடத்தின் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு, 'டிஎன்எஸ்' என்று பெயர். பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி. இவர்கள், அந்த டைரக்டரியையே மாற்றி வைத்து விட்டனர்! 'வீடியோ பார்க்க இதை இறக்குங்கள்' என்று ஏமாற்றி உள்ளே புகுந்து, இணையதளங்களில் இருந்த உண்மையான விளம்பரங்களை எடுத்துவிட்டு, தங்கள் விளம்பரங்களைச் செருகினர். 100க்கும் மேற்பட்ட நாடுகளில், 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் இதில் சிக்கின. இந்தியக் கம்ப்யூட்டர்களும் அதில் அடக்கம். சம்பாதித்தது, 1.4 கோடி டாலர். 2011 நவம்பரில், எஸ்டோனியாவில் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர்.

பூட்டு வந்த கதை!

சரி... பூட்டுக்கு வருவோம். 2002ல், டென்மார்க் நாட்டில் ஒரு கல்லூரி மாணவர். பெயர், ஹென்ரிக் ஆஸ்டெட் சோரென்சென். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில், படிப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு ஒரு சிறிய மென்பொருள் எழுதினார். (நீங்கள் இதை மட்டும் பின்பற்ற வேண்டாம்!) அதுதான், 'ஆட்பிளாக்'. அதன் வழியில், 2006ல் 'ஆட்பிளாக் பிளஸ்' வந்தது. கனடாவின் ரேமண்ட் ஹில், 2014ல் 'யூபிளாக்' எழுதினார். இன்று, 'யூபிளாக் ஆரிஜின்' என்ற பெயரில் அது இலவசமாகக் கிடைக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது? பள்ளிக்கூட வாட்ச்மேனை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் கையில், உள்ளே விடக் கூடாதவர்களின் பட்டியல் இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்ததும், உங்கள் பிரவுசர் பல இடங்களிலிருந்து படங்களையும் நிரல்களையும் கேட்டு வாங்கும். கேட்கும் முகவரி பட்டியலில் இருந்தால், வாட்ச்மேன் வாசலிலேயே நிறுத்தி விடுவார். விளம்பரம் வரவே வராது. அதற்குள் ஒளிந்திருக்கும் விஷமும் வராது. இந்தப் பட்டியல்களில் புகழ் பெற்றது, 'ஈஸிலிஸ்ட்'. 2005ல் தொடங்கிய இதை, ஆர்வலர்கள் தொடர்ந்து புதுப்பித்து வருகின்றனர்.

2022 டிசம்பரில், அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எப்பிஐ கூட, போலி விளம்பரங்களில் ஏமாறாமல் இருக்க, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்தலாம் என்று மக்களுக்கு யோசனை சொன்னது.

ஆனால், இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பூட்டிலும் போலி உண்டு! 2018ல், குரோம் பிரவுசருக்கான கடையில், ஐந்து போலி விளம்பரத் தடுப்பான்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றை, இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் நிறுவியிருந்தனர். இரண்டு, எல்லா விளம்பரத்தையும் எல்லாரும் தடுத்தால், நல்ல இணையதளம் நடத்துபவர் எப்படிப் பிழைப்பார்? எனவே, நம்பிக்கையான தளங்களுக்கு மட்டும் அனுமதி கொடுக்கும் வசதியும் இதில் இருக்கிறது. நல்ல விருந்தாளிக்குக் கதவைத் திறப்பது நம் வழக்கம் தானே!

சட்டமும் உங்கள் பக்கம் வருகிறது. 2023ல் நம் பார்லிமென்ட் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களை இணையத்தில் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும், சில விலக்குகள் தவிர, கூடாது என்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* 'வைரஸ் இருக்கிறது', 'பரிசு விழுந்திருக்கிறது' என்று விளம்பரம் சொன்னால், எதையும் அழுத்தாதீர்கள். அந்தப் பக்கத்தையே மூடி விடுங்கள்.

* ஆப் வேண்டும் என்றால், போனில் உள்ள அதிகாரப்பூர்வமான கடையில் மட்டும் இறக்குங்கள். அதுவும் பெரியவர்களிடம் கேட்டு.

* 'அப்டேட் செய்யவும்' என்று போனின் அமைப்புப் பகுதி சொன்னால் தள்ளிப் போடாதீர்கள். ஓட்டையை அடைப்பது அதுதான்.

* மத்திய அரசு, 2017ல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' இணையதளத்தில், தீய மென்பொருளை நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

* பணம் போய்விட்டால், தாமதிக்காமல், 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு நல்லது.

இப்போது, பக்கத்து வீட்டுப் பையனின் கதைக்கு வருவோம். முதலில் போனின் இணைய இணைப்பைத் துண்டித்தேன். அவன் இறக்கிய ஆப்பைத் தேடி நீக்கினோம். அப்புறம், அவன் அம்மாவிடம் அழைத்துப் போனேன். "அம்மா, பையன் தெரியாமல் ஒரு தப்பு செய்தான், ஆனால், மறைக்காமல் வந்து சொன்னான்" என்றேன். அவர் உடனே வங்கிக்குப் போய்க் கணக்கைச் சரிபார்த்து, ரகசிய எண்ணையும் மாற்றினார். ஒரு ரூபாய் கூடப் போகவில்லை. அப்பாவும் அடிக்கவில்லை; "நல்லவேளை சொன்னே" என்று தலையைத் தடவினார்.

குழந்தைகளே... திருடன் நம்பியிருப்பது, உங்கள் பயத்தைத்தான். 'வீட்டில் சொன்னால் அடி விழும்' என்று நீங்கள் மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும், அவனுக்கு லாபம். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை வந்து சொன்னால், முதலில் போனைப் பாருங்கள், பிறகு பேசிக் கொள்ளலாம்.

எங்கள் ஊர்ப் பூட்டுக்கு, 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எவ்வளவு பேர் பெற்ற பூட்டாக இருந்தாலும், பூட்டிய பிறகு ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வோம், இல்லையா? இணையத்திலும் அப்படித்தான். அழுத்துவதற்கு முன், ஒரு நிமிடம் யோசியுங்கள்... சரியா?