ஒளிப்பதிவை நிறுத்த ஒருவர் வேண்டும்

வலுவூட்டல் கற்றல் என்ற துறைக்கு அடித்தளம் போட்ட ஆண்ட்ரூ பார்ட்டோ, ரிச்சர்ட் சட்டன் இருவருக்கும் 2024-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் விருது அது. அவர்கள் சேர்ந்து எழுதிய பாடநூலை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பார்ட்டோவிடம் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர் பி. ரவீந்திரன் சென்னை ஐஐடியில் நடத்திய வலுவூட்டல் கற்றல் வகுப்புகள் என்பிடெல் தளத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. விருது பெற்றவரின் புத்தகமும் அவருடைய மாணவரின் வகுப்பும் பரமக்குடியிலோ பென்னாகரத்திலோ இருக்கும் ஒரு பொறியியல் மாணவியின் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. மிதேஷ் கப்ராவின் ஆழ்கற்றல் வகுப்புகள், ஸ்டான்ஃபோர்டின் கணினிப் பார்வை வகுப்புகள், நியூரிப்ஸ் மாநாட்டு உரைகள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இத்தனை இருந்தும், 2020-க்குப் பிறகு நம் கல்லூரிகளில் வரிசையாகத் திறக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுப் பிரிவுகளில் படிப்பவர்கள் நிரலை ஓட்டிக் காட்டுகிறார்கள், அது ஏன் ஓடுகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள் என்ற புலம்பல் ஓயவில்லை. விரிவுரை போதாததால் வந்த குறை இல்லை இது. ஓடுகிற விரிவுரையை நிறுத்தி, ‘இந்த வரி எப்படி வந்தது?’ என்று கேட்க நாலு பேர் பக்கத்தில் இல்லாததால் வந்தது.

விரிவுரையை மட்டும் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2011-இல் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தியபோது ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்தார்கள். முடித்தவர்கள் சுமார் 23,000. ஒரே பாடம் இருபதாயிரம் பேருக்கு மேல் கரையேற்றியது சரித்திரச் சாதனைதான். அந்தப் பரபரப்பில்தான் மறு ஆண்டே கோர்செராவும் யுடாசிட்டியும் முளைத்தன. பிறகு புதுமை தேய்ந்தது. எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் வழியே நடத்திய பாடங்களின் 6 ஆண்டுப் பதிவுகளை ஜஸ்டின் ரீச்சும் ஹோசே ருயிபெரெஸ்-வாலியென்டேயும் அலசி 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடப் பக்கத்துக்குள் காலெடுத்தே வைக்கவில்லை. 2017-18-இல் முடித்தவர்கள் 3 சதவீதம் அளவுக்குத்தான் இருந்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் முடித்தவர்கள் ஏறக்குறைய பாதி. இதைப் பார்த்ததும் ‘காசு கொடுத்தால்தான் புத்தி வரும்’ என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம். பணம் கட்டியவர் ஏற்கெனவே உறுதியோடு வந்தவராக இருக்கலாம். உறுதி அவ்வளவு இல்லாதவரையும் கடைசிவரை உட்கார வைப்பது எது என்பதே நமக்கு வேண்டிய விடை.

அந்த விடை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, இணையம் இல்லாத காலத்திலேயே ஒருவருக்குக் கிடைத்திருந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 1969 முதல் தன் பொறியியல் வகுப்புகளைச் சுற்றுவட்டார நிறுவனங்களுக்குத் தொலைக்காட்சி வழியே ஒளிபரப்பி வந்தது. ஹ்யூலட் பேக்கர்ட் நிறுவனம் சான்டா ரோசாவில் ஒரு கிளையைத் திறந்தது. அவ்வளவு தொலைவுக்கு ஒளிபரப்பு எட்டவில்லை. பேராசிரியர் ஜேம்ஸ் கிப்பன்ஸ் என்ன செய்தார் என்றால், வகுப்புகளை நாடாவில் பதிந்து அனுப்பிவைத்தார். அனுப்பும்போது ஒரு நிபந்தனையும் போட்டார்: யாரும் தனியாகப் பார்க்கக்கூடாது. சிறு குழுவாக உட்கார வேண்டும், கூடவே ஒரு வழிநடத்துநர் இருக்க வேண்டும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாடாவை நிறுத்திப் பேச வேண்டும். அந்த வழிநடத்துநர் பேராசிரியர் கிடையாது, அதே அலுவலகத்துப் பொறியாளர். பாடத்தில் அவர் பெரிய நிபுணராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்பது கிப்பன்ஸின் கருத்து. கூச்சப்படுகிறவரையும் பேச வைத்து, ‘எனக்கும் புரியவில்லை, இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஆள்தான் அவருக்கு வேண்டும். இப்படிப் படித்தவர்கள், பேராசிரியருக்கு எதிரிலேயே உட்கார்ந்து படித்த வளாக மாணவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். 1977-இல் கிப்பன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் இதையும் ‘சயின்ஸ்’ இதழிலேயே வெளியிட்டார்கள். நேரடி வகுப்பில் பேராசிரியரை இடைமறிக்க மாணவர் அஞ்சுவார். நாடாவிடம் அந்த அச்சம் வேண்டியதில்லை. எந்த நிமிடத்திலும் அதன் வாயை அடைக்கலாம், அது கோபித்துக்கொள்ளாது. பிற்காலத்தில் இதே கிப்பன்ஸ் ஸ்டான்ஃபோர்டின் பொறியியல் புலத் தலைவராகவும் ஆனார். ஆனாலும் இணையப் பாட அலை எழுந்தபோது அவருடைய முறையை நினைவுகூர்ந்தவர்கள் சொற்பம்.

சம்பளம் வாங்கும் பொறியாளர்களிடம் பலித்தது சாதாரண மாணவர்களிடம் பலிக்குமா என்று கேட்பது நியாயம். கலிஃபோர்னியாவிலேயே சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டு சோதனைகள் அடுத்தடுத்து நடந்தன. 2012-இல் மின்சுற்றுப் பாடத்தின் ஒரு பிரிவுக்கு எம்ஐடியின் எட்எக்ஸ் காணொளிகளை வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். வகுப்பு நேரம் முழுவதும் மாணவர்கள் சிறு குழுக்களாகக் கணக்குப் போட்டார்கள், ஆசிரியர் கூடவே இருந்தார். அந்தப் பிரிவில் 91 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான பிரிவுகளில் தேறியவர்கள் 60 சதவீதத்துக்கும் கீழே. அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழகம் யுடாசிட்டியோடு சேர்ந்து மூன்று பாடங்களை முழுக்க இணையத்தில் நடத்தியது. தேர்ச்சி 24 முதல் 51 சதவீதம் வரைதான் வந்தது. ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். இரண்டு சோதனைகளின் மாணவர்களும் ஒரே தரத்தவர் இல்லை. பின்னதில் ஏற்கெனவே கணிதத்தில் தோற்றவர்களும் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெற்றி முழக்கம் போடக்கூடாது. ஆனால் உதவி யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ அவர்களைத்தான் திரைக்கு முன்னால் தனியே விட்டுவிட்டார்கள் என்பதை மறுக்க முடியாது.

தனியாகவே படித்து மேலே வந்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அதற்கு உலகமே சொல்லும் எடுத்துக்காட்டு மங்கோலியாவின் பட்டுஷிக். 2012-இல், 15 வயதில், எம்ஐடியின் மின்சுற்று இணையப் பாடத்தில் முழு மதிப்பெண் எடுத்த பையன். பத்திரிகைகள் அவனை மேதை என்று கொண்டாடின. அந்தக் கதையில் எப்போதும் விடுபட்டுப்போகும் பாதி ஒன்று உண்டு. உலான்பாட்டரில் அவன் படித்த பள்ளியின் தலைமையாசிரியர், எம்ஐடியில் பட்டம் பெற்ற முதல் மங்கோலியர். அவருடைய அழைப்பின் பேரில், அதே எம்ஐடியில் படித்துவிட்டு ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த டோனி கிம் பெட்டி பெட்டியாக ஆய்வகக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு மங்கோலியாவுக்குப் போனார். சுமார் இருபது மாணவர்களை வைத்துச் செய்முறை வகுப்பு நடத்தினார். பட்டுஷிக்கின் திறமையை இது ஒரு துளியும் குறைக்கவில்லை. ஆனால் அவனை முன்னுதாரணமாகக் காட்டி ‘காணொளி போதும்’ என்று வாதிடுகிறவர்கள் டோனி கிம்மையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு இன்றைய காலத்துக்கே உரியது: சந்தேகம் கேட்கத்தான் சாட்ஜிபிடி இருக்கிறதே, கூட்டம் எதற்கு? இதற்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. துருக்கியில் ஆயிரம் பேரளவு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2025-இல் வெளிவந்தது. ஜிபிடி-4-ஐ அப்படியே வைத்துக்கொண்டு கணிதப் பயிற்சி செய்தவர்கள், பயிற்சியின்போது கருவி இல்லாதவர்களைவிட 48 சதவீதம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். கருவியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையை நேரே சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி வடிவமைத்த இன்னொரு கருவி அந்தக் கேட்டைப் பெருமளவு தவிர்த்தது. ஹார்வர்டில் ஆசிரியர்களே கவனமாக வடிவமைத்த ஒரு செயற்கை நுண்ணறிவுப் பயிற்றுநரிடம் இயற்பியல் படித்தவர்கள், நல்ல வகுப்பறையில் படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றார்கள் என்ற முடிவும் வந்திருக்கிறது. ஆக, இயந்திரம் உதவாது என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கத் தெரிந்தவருக்கு அது உதவும். தனக்குப் புரியவில்லை என்பதே தெரியாமல் தலையாட்டிக்கொண்டு போகிறவரை அது தானாக நிறுத்தாது. பக்கத்தில் இருப்பவர் ‘எங்கே, நீயே பலகையில் போட்டுக் காட்டு’ என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டுக்கு இது எட்டாக் கனி இல்லை. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல்லுக்கு, கல்லூரிகளிலேயே உள்ளூர்க் கிளைகளும் வழிகாட்டி ஆசிரியர்களும் இருக்கிறார்கள். வாரந்தோறும் அசைன்மென்ட் உண்டு, கடைசியில் மையத்துக்குப் போய் எழுதும் தேர்வு உண்டு. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் ஸ்வயம் என்ற அரசுத் தளத்தின் வழியே படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் அனுமதித்தது. எலும்புக்கூடு தயார், உயிர்தான் இல்லை. வழிகாட்டியின் வேலை பல இடங்களில் பதிவு எண்ணிக்கையைக் கூட்டுவதோடும் கடைசித் தேதியை நினைவூட்டுவதோடும் முடிகிறது. அசைன்மென்ட் விடைகள் டெலிகிராமிலும் யூடியூபிலும் வாராவாரம் வந்து விழுகின்றன, எல்லோருக்கும் இது தெரியும். மறுபக்கம், அரை நாள் கருத்தரங்குகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. சிறப்பு விருந்தினருக்குச் சால்வை, நினைவுப் பரிசு, ஒன்றரை மணி நேரப் பேச்சு, எல்லோருக்கும் மின்சான்றிதழ், குழுப்படம். தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டக் கோப்பில் ஒரு பக்கம் கூடும். அந்தப் பேச்சைக் கேட்ட ஒருவர் மறுநாள் ஒரு சமன்பாட்டோடு மல்லுக்கட்டினாரா என்று யாரும் கேட்பதில்லை.

‘எங்கள் ஆசிரியர்களுக்கே இந்தத் துறை புதிது’ என்பது கல்லூரி நிர்வாகங்கள் சொல்லும் காரணம். உண்மைதான், ஆனால் கிப்பன்ஸ் கேட்டதும் நிபுணரை இல்லையே. ‘பாடம் ஆங்கிலத்தில், அதுவும் வேகமாகப் போகிறது’ என்பது மாணவர் சொல்லும் காரணம். அதற்கும் குழுவே மருந்து: ஆங்கிலத்தில் ஓடுகிற வகுப்பை ஏழு நிமிடத்தில் நிறுத்தி, கிராடியன்டின் எதிர்த்திசையில் ஏன் இறங்குகிறோம் என்று தமிழில் சண்டை போடலாம். மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் ஒரு கருத்தரங்கைக் குறையுங்கள். அதற்குப் பதில் வாரம் இரண்டு மாலை, ஒரு வகுப்பறையையும் ஒரு புரொஜெக்டரையும் எட்டுப் பேருக்குக் கொடுங்கள். இளம் ஆசிரியர் ஒருவரையோ இறுதியாண்டு மாணவியையோ கூட உட்கார வையுங்கள், அந்த மணி நேரத்தை அவருடைய பணி நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். என்பிடெல் பாடங்கள் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரு முறை தொடங்குகின்றன. சேரக் கட்டணம் இல்லை, தேர்வு எழுத விரும்புகிறவர் மட்டும் கட்டினால் போதும்.