தானே சீராகும் மின்வாய்கள்

பழுத்த பழத்தைப் பறிக்கும் கைக்கு உறுதியும் வேண்டும், மென்மையும் வேண்டும். இரும்பு விரல்கள் பழத்தை நசுக்கிவிடும். ஆகையால், மின்சாரத்தால் அசையும் தசைகளை ரப்பர் போன்ற பொருள்களால் அமைக்க விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர்.

இத்தசைக்கு மின்சாரத்தைச் செலுத்தும் படலத்திற்கு மின்வாய் என்று பெயர். தசை நீளும்போது மின்வாயும் உடன் நீள வேண்டும்; செப்புத் தகடு அவ்வாறு நீளாது. 2013-ம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலையார், உப்பு நீரைத் தாங்கிய தெளிந்த கூழ்ப் பொருளையே மின்வாயாக உபயோகித்துக் காட்டினர். இழுத்தால் அது பன்மடங்கு நீளும்.

நீளுதல் மாத்திரம் போதாது. இத்தசைகள் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்குவன. இரு மின்வாய்களுக்கு இடையேயுள்ள ரப்பரில் பொறி பாய்ந்தால் துளை விழும். தசை பயனற்றுப் போகும். 2018-ம் வருஷத்தில் கொலராடோ சர்வகலாசாலையில் பேராசிரியர் கிறிஸ்டோப் கெப்லிங்கர் குழுவினர், மெல்லிய பைக்குள் தாவர எண்ணெயை நிரப்பி இக்குறையை நீக்கினர். மின்வாய்கள் ஒன்றையொன்று இழுக்கும்போது எண்ணெய் ஒதுங்கிப் பையைப் புடைக்கச் செய்கிறது. பொறி பாய்ந்த வழியையும் எண்ணெயே உடனே நிரப்பிவிடுகிறது. இவ்வகைக் கை ராஸ்பெரிப் பழத்தையும் பச்சை முட்டையையும் சேதமின்றி எடுத்தது.

மின்சாரம் ஓடும் பாதையே அறுந்தால் என் செய்வது? அதே வருஷத்தில் கார்னகி மெலன் சர்வகலாசாலைப் பேராசிரியர் கார்மெல் மஜிதி குழுவினர் இதற்கு விடை கண்டனர். சாதாரண வெப்பத்திலேயே திரவமாயிருக்கும் காலியம், இண்டியம் கலந்த உலோகத்தை நுண்ணிய துளிகளாக ரப்பரில் சேர்த்தனர். அதை வெட்டினாலும் துளையிட்டாலும், காயத்தின் ஓரத்துத் துளிகள் உடைந்து ஒன்றுகூடுகின்றன. அடைபட்ட வாய்க்காலின் நீர் வேறு வழியே பாய்வதுபோல், மின்சாரம் காயத்தைச் சுற்றிப் பாய்கிறது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. எண்ணெய், பொறியின் தீங்கை மாத்திரம் மாற்றும். பை கிழிந்தால் எண்ணெய் ஒழுகிவிடும். உலோகத் துளிகள் மின்பாதையை மாத்திரம் மீட்கும். அறுந்த ரப்பர் ஒட்டாது. கூழ் மின்வாயைக் காற்றுப்பட விட்டால் நீர் வற்றி உலரக்கூடும். ஆராய்ச்சிச் சாலையில் இல்லாத முள்ளும் புழுதியும் வெயிலும் தோட்டத்தில் உண்டு.

ஆதலின், தானே சீராகும் என்று கூறி எவரேனும் ஒரு கருவியை விற்க வந்தால், விவசாயிகள் வாங்குமுன் இரண்டு கேள்விகள் கேட்டல் நலம்: அதில் எந்தப் பாகம் சீராகும்? எந்தப் பாகம் சீராகாது? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்த பின்னரே பணம் கொடுத்தல் தகும்.