சினைப்பைப் புற்றுநோய்: சிகிச்சையும் நோயாளியின் விருப்பமும்

சிங்கப்பூருக்குச் சென்று வந்த தோட்டப்புறத் தமிழருள் சிராங்கூன் சாலையை அறியாதவர் மிகச் சிலரே. அங்குள்ள தேக்கா சந்தைக்குச் சற்றுத் தொலைவில், புக்கிட் தீமா சாலையில், கே.கே. மகளிர், குழந்தைகள் மருத்துவமனை அமைந்துள்ளது. அதன் பழைய பெயர் கண்டாங் கெர்பாவ். எருமைத் தொழுவம் என்பது அம்மலாய்ச் சொற்களின் பொருளாகும். 1924இல் மகப்பேற்று மருத்துவமனையான அந்நிலையத்தில், 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. பிள்ளைப்பேற்றுக்குப் புகழ்பெற்ற அம்மருத்துவமனை, இன்று பெண்களுக்கு உண்டாகும் புற்றுநோய்களுக்கும் சிகிச்சை அளித்து வருகிறது. அவற்றுள் மறைந்து வளர்வது சினைப்பைப் புற்றுநோய்.

மறைந்து வளரும் நோய்

கருப்பையின் இரு மருங்கிலும் சினைப்பைகள் உள்ளன. அங்குத் தோன்றும் புற்று தொடக்கத்தில் பெரிதாக வலிப்பதில்லை. வயிறு உப்புதல், சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்றில் நோவு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவையே அதன் அறிகுறிகள். இவற்றை வாயுத் தொல்லையென எண்ணிப் பலர் நாள் கடத்திவிடுகின்றனர். ஆகவேதான் நோய் வயிற்றறை எங்கும் பரவிய மூன்றாம் நிலையிலோ, நுரையீரல் போன்ற உறுப்புகளை எட்டிய நான்காம் நிலையிலோ பெரும்பாலோர் மருத்துவமனையை நாடுகின்றனர். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காகச் செய்யப்படும் பாப் ஸ்மியர் சோதனையைக் கொண்டு இந்நோயைக் கண்டுபிடிக்க இயலாது என்பதையும் தாய்மார்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

மரப்பட்டை தந்த மருந்து

முற்றிய நோய்க்கு அறுவைச் சிகிச்சையும், கீமோதெரப்பி எனப்படும் இரசாயன மருந்துச் சிகிச்சையும் சேர்ந்தே அளிக்கப்படுகின்றன. பொதுவாக கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்னும் இரு மருந்துகள் மூன்று வாரங்களுக்கு ஒரு முறையாக ஆறு முறை நரம்பின் வழியே ஏற்றப்படும்.

பாக்லிடாக்சலின் வரலாறு பால்மரம் வெட்டுவோர் அறியத்தக்கது. 1962இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் காட்டில் வளரும் யூ என்னும் மரத்தின் பட்டை ஆய்வுக்காகச் சேகரிக்கப்பட்டது. மன்ரோ வால், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானி ஆகிய அறிஞர்கள் அதிலிருந்து இம்மருந்தைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டனர். 1992இல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அதனைப் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதித்தது. பால்மரத்தின் பட்டை வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்ந்துவிடும். யூ மரமோ பட்டையை உரித்தால் பட்டுப்போகும். எனவே பின்னாளில் அவ்வினத்து மரங்களின் இலைகளைக் கொண்டு மருந்து தயாரிக்கும் வழி காணப்பட்டது.

விரைந்து பெருகும் உயிரணுக்களை இம்மருந்துகள் தாக்குகின்றன. மயிர்க்கால்களும் இரத்த அணுக்களும் அவ்வாறே விரைந்து பெருகுபவை. ஆதலால் தலைமயிர் உதிர்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தியும் குறைகிறது. மயிர் மீண்டும் வளரும். ஆனால் சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் 38 பாகையை எட்டினால் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விரல்கள் மரத்துப்போவதும் உண்டு. கத்தி பிடித்து உழைக்கும் கைகளுக்கு இது சிறு குறையன்று. மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தால் மருந்தின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ இயலும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதற்சிகிச்சையில் பலருக்கு நோய் அடங்குகிறது. எனினும், முற்றிய நிலையில் கண்டறியப்பட்டோருள் பெரும்பாலோருக்கு அது மீண்டும் தலைதூக்குகிறது. ஆறு மாதங்களுக்குப் பின்னர் திரும்பினால் கார்போபிளாட்டின் மீண்டும் பயன்படக்கூடும். அதற்கு முன்னரே திரும்பினால் பிற மருந்துகளை நாட வேண்டும். அவற்றால் கிட்டும் பயன் குறைவு. அந்நிலையில் நோயாளி மருத்துவரிடம் இவற்றைக் கேட்கலாம்: இம்மருந்தின் நோக்கம் குணப்படுத்துவதா, நோயைக் கட்டுப்படுத்துவதா, துன்பத்தைத் தணிப்பதா? எத்தனை நாள்களை மருத்துவமனையில் கழிக்க நேரிடும்? மருந்தை நிறுத்தினால் என்ன நிகழும்? மகளின் திருமணம் வரை சில வாரங்கள் ஒத்திப்போடலாமா?

இக்கேள்விகளைக் கேட்க வேண்டியவர் நோயாளியே. ஆனால் நம் குடும்பங்களில், "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று பிள்ளைகள் மருத்துவரை வேண்டிக்கொள்வது வழக்கம். அன்பினால் செய்வதே இது. எனினும் தம் உடல்நிலையை அறியாத தாய், எதை ஏற்பது, எதை மறுப்பது எனத் தீர்மானிக்கும் உரிமையை இழக்கிறார். சேமிப்பை யாரிடம் ஒப்படைப்பது, எவரைக் காண விரும்புகிறார் என்பனவற்றைச் சொல்லும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டாமற் போகிறது.

மருந்தை நிறுத்துவது கைவிடுவதன்று

சிங்கப்பூரில் 1989இல் தொடங்கிய அந்திமப் பராமரிப்புச் சங்கம், தாதியரையும் மருத்துவரையும் நோயாளிகளின் இல்லங்களுக்கே அனுப்பி வருகிறது. 1991இல் கோலாலம்பூரில் தோன்றிய ஹோஸ்பிஸ் மலேசியாவும் இத்தகைய பணியை ஆற்றுகிறது. வலியை அடக்குதல், வயிற்றில் சேரும் நீரை வடித்தல், குமட்டலைத் தணித்தல், குடும்பத்தினருக்குத் துணைநிற்றல் ஆகியவை இப்பராமரிப்பில் அடங்கும். கீமோதெரப்பி நடைபெறும்போதே இதனையும் பெறலாம். மருத்துவர் குறித்த அளவில் வலிக்கு மார்பின் உட்கொள்வோர் அதற்கு அடிமையாகிவிடுவர் என அஞ்சத் தேவையில்லை.

வயிற்று உப்புசம் புதிதாகத் தோன்றி இரண்டு மூன்று வாரங்கள் நீடித்தால், தோட்டத்துத் தாய்மார்கள் மருத்துவரை நாடித் தம் ஐயத்தைத் தயங்காது கூறவேண்டும். நோய் முற்றியிருப்பதாகத் தெரியவந்தால், அடுத்து என்ன செய்வது எனத் தீர்மானிக்குமுன் குடும்பத்தார் நோயாளியை அருகில் அமர்த்தி, அவர் விருப்பத்தை முதலில் கேட்டறிதல் வேண்டும்.