ராத்திரியில் ஏன் இத்தனை தாகம்?

ராத்திரி இரண்டு, மூன்று முறை எழுந்து பாத்ரூம் போனால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். புராஸ்டேட் வீக்கமும் காரணமாகலாம், படுக்கும் முன் குடித்த காபியும்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் சிறுநீர் நிறையப் போய், வந்து படுத்ததும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதா? சர்க்கரையைச் சந்தேகியுங்கள்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதிலுள்ள குளுக்கோஸ் அநேகமாக முழுவதும் ரத்தத்துக்கே திரும்பிவிடும். 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் அது முடியாது. மிச்சம் சிறுநீரில் இறங்கும், தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு. உடம்பு வறள, மூளை தாகத்தைக் கிளப்பும். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை நம் பழங்கால வைத்தியர்கள் கவனித்ததும் இந்தச் சர்க்கரையால்தான்.

பாத எரிச்சல் வேறு கதை. பல வருடம் ஏறியே இருந்த சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கும். பகல் வேலையில் உறைக்காத எரிச்சல், படுத்ததும் போர்வை பட்டாலே சுரீரென்கும்.

ஏற்கெனவே இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் நடுராத்திரியில் சட்டை நனைய வியர்த்து, நடுங்கினால், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். நினைவோடு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மற்றவர்கள் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். 126-ம் அதற்கு மேலும் வந்தால், மறுபடி சோதித்து டாக்டர் உறுதிசெய்வார்.