குடிநோயாளர்க்கு மறுவாழ்வு

குடிப்பழக்கத்தால் நலிந்த குடும்பங்களை நம் கிராமங்களில் நாம் கண்கூடாகக் காண்கின்றோம். நிலம் ஒற்றியாகின்றது, மனைவியின் நகை அடகுக்குப் போகின்றது, பள்ளி செல்ல வேண்டிய சிறுவன் கூலிக்குச் செல்கின்றான். குடும்பத் தலைவனை ஊரார் இகழ்வர். உற்றார் கோயிலுக்கு அழைத்துச் சென்று சத்தியம் வாங்குவர். இது நல்லெண்ணத்தால் செய்யப்படுவதே. ஆயினும், பழக்கம் முற்றி நோயாகிவிட்ட பின்னர்ச் சத்தியம் மட்டும் போதாது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் அருந்துவோனின் மூளையும் நரம்புகளும் மதுவுக்குப் பழகிவிடுகின்றன. அதைத் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். மூன்றாம் நாளையொட்டிச் சிலருக்குச் சித்தங்கலங்கி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தோன்றும். இதைப் பேய்க் கோளாறு என்றெண்ணி மந்திரிக்கச் செல்வோர் உளர். அவ்வாறு வீணாகும் நேரத்தில் உயிரே பிரிதலும் கூடும். ஆதலின் மது நிறுத்துதல் மருத்துவர் மேற்பார்வையில் நிகழ்வதே நன்று.

சிகிச்சை மூன்று படிகளை உடையது. முதலாவது, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகளும் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் அளித்து உடலைத் தேற்றுவது. பெரும்பாலும் ஒரு வாரத்தில் இது நிறைவுறும். பலர் இத்துடன் குணமாயிற்று என்றெண்ணி வீடு திரும்பி மீண்டும் வீழ்கின்றனர். இரண்டாவது, மனநல ஆலோசனை. எந்த வேளையில், எவருடன் சேர்ந்தால் ஆசை எழுகின்றது என்பதை நோயாளி இதில் கண்டறிகின்றான். மூன்றாவது, பல மாதங்கள் நீடிக்கும் தொடர் கவனிப்பு. மது வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் உண்டு. மருந்தை நோயாளி அறியாமல் சோற்றில் கலந்து கொடுத்தல் மட்டும் கூடவே கூடாது. டைசல்ஃபிரம் உட்கொண்டவன் மது அருந்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

சிகிச்சை நகரத்தார்க்கே உரியது என்று எண்ண வேண்டுவதில்லை. 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் அவர்கள் நிறுவிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் நடத்தி, ஊராரின் ஒத்துழைப்புடன் கிராமத்திலேயே சிகிச்சை அளித்துக் காட்டியது.

இனி நம் கடமை யாது? மீண்டு வந்தவனைப் பழைய பட்டப்பெயரிட்டு அழைத்தலும், திருவிழாவில் ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்று வற்புறுத்தலும் தீங்காகும். அவனுக்கு வேலை கொடுப்போம். குடும்பப் பொறுப்பை மெல்ல மெல்ல ஒப்படைப்போம். ஒருமுறை தவறினாலும் கைவிடாது மருத்துவரிடம் மீண்டும் அழைத்துச் செல்வோம். சர்க்கரை நோயைப் போல இதுவும் நெடுநாள் பேணவேண்டிய நோயே. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14446 என்னும் கட்டணமில்லாத தேசியத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். ஒருவன் மீண்டால் ஒரு குடும்பம் மீளும். குடும்பங்கள் மீண்டால் ஊர் செழிக்கும்.