மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர்! பணத்தை எதில் போடுவது?

சென்னை அண்ணா சாலையில் இருந்து கொஞ்சம் உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. குறுகலான தெரு. கடைகள் திறந்துவிட்டால் தோளோடு தோள் இடிக்காமல் அங்கே நடக்க முடியாது. ஒரு காலத்தில் ரேடியோவுக்கு உதிரி பாகம் தேடுகிறவர்கள் வந்த தெரு. இன்று அது கம்ப்யூட்டர் சாமான்களின் தெரு.

அந்தத் தெருவுக்கு ஒரு தகப்பனாரும் மகளும் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் தையற்கடை வைத்திருப்பவர். மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். தகப்பனாரின் சட்டைப் பையில் 40 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. இரண்டு தீபாவளித் தையலில் மிச்சம் பிடித்த பணம். இது போனால் இன்னொரு 40 ஆயிரம் இல்லை.

கடைக்காரர் ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டுகிறார். பெட்டியின் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்குகள் ஓடுகின்றன. தேர்த் திருவிழா மாதிரி இருக்கிறது!

"ஐ-7 அண்ணே! 16 ஜி.பி. ரேம். எல்லாம் சேர்த்து 25 ஆயிரம்தான். மீதிப் பணத்துக்குப் பாப்பாவுக்கு வளையல் வாங்கிடுங்க" என்கிறார்.

தகப்பனாரின் கை பைக்குப் போகிறது. மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"கொஞ்சம் இருங்கப்பா. அது எந்த வருஷத்து ஐ-7னு கேளுங்க."

எண்ணில் இருக்கிறது சூட்சுமம்

மகள் கேட்டது சரியான கேள்வி. கம்ப்யூட்டரின் மூளை பிராசசர். இன்டெல் கம்பெனி தன் பிராசசர்களுக்கு ஐ-3, ஐ-5, ஐ-7 என்று பெயர் வைத்தது. ஐ-7 என்றால் ஐ-3-ஐ விட உசத்தி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரே ஆண்டில் வந்தவையானால் அது உண்மை. ஆனால் 2011-ல் வந்ததும் ஐ-7தான். அதன் முழுப் பெயர் ஐ-7 2600. 2022-ல் வந்த ஐ-3 12100 வேலையில் அதைத் தோற்கடித்துவிடும். கடைசியில் உள்ள எண்ணின் முன்பகுதியைப் பாருங்கள். ஒன்றில் 2, இன்னொன்றில் 12. முதலாவது இரண்டாம் தலைமுறை. அடுத்தது பன்னிரண்டாம் தலைமுறை. பத்துத் தலைமுறை வித்தியாசம்!

அலுவலகங்களில் கழித்துவிட்ட பழைய பிராசசரை எடுத்து, புதுப் பெட்டியில் போட்டு, விளக்கும் மாட்டி விற்பது உண்டு. மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 11-க்கு வகுத்த விதிப்படி, இன்டெல் பிராசசர் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய ஐ-7-ஐ வாங்கினால் மறுநாளே இந்தத் தொல்லை வரும்.

பழைய சாமான் எல்லாம் கெட்ட சாமான் அல்ல. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் அது போதும். காசு கொடுக்காமலே கிடைக்கும் லினக்ஸ் அதில் நன்றாக ஓடும். ஆனால் பழையது என்று சொல்லி, பழைய விலைக்குத் தர வேண்டும்.

முதல் கேள்வி: என்ன வேலை?

கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க முடிகிறதே, அது எப்படி? 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் கம்ப்யூட்டரை வெளியார் செய்த பாகங்களைக் கொண்டே அமைத்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் அதே அமைப்பில் செய்யத் தொடங்கினார்கள். அதனால்தான் ஒருவர் செய்த மூளை இன்னொருவர் செய்த பலகையில் இன்று பொருந்துகிறது.

ஆகவே எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்பது வாங்குகிறவர் கையில்தான். தையற்காரர் மகளுக்கு வேண்டியது என்ன? புரோகிராம் எழுத வேண்டும். பாடம் பார்க்க வேண்டும். பெரிய விளையாட்டுகள் வேண்டாம். அப்படியானால் தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். அதுவே பெரிய மிச்சம்!

ஆனால் இங்கே ஓர் எழுத்துதான் எமன். திரையில் படம் காட்டும் சக்தி சில பிராசசர்களுக்கு உள்ளேயே உண்டு, சிலவற்றுக்கு இல்லை. இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அந்தச் சக்தி இல்லை. விலை சற்றுக் குறைவு என்று ஆசைப்பட்டு 12100எஃப் வாங்கினால், கார்டு போடாதவரை திரை இருட்டுத்தான். ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 5 5600-க்கு அந்தச் சக்தி இல்லை; 5600ஜி-க்கு உண்டு. மகள் 5600ஜி-யைக் கேட்டு வாங்குகிறாள்.

அடுத்தது மதர்போர்டு. பிராசசர் உட்காரும் குழிக்கு சாக்கெட் என்று பெயர். 5600ஜி-க்கு ஏ.எம்.4 சாக்கெட் உள்ள போர்டு வேண்டும். 2022-ல் வந்த ஏ.எம்.5 போர்டில் அது உட்காராது. புதியதை வாங்கினால் பின்னாளில் பிராசசரை மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் ஏ.எம்.5-க்கு டி.டி.ஆர்.5 ரேம்தான் போட வேண்டும். அங்கேதான் இப்போது விலை சுடுகிறது.

ரேம் விலை ஏறிய கதை

2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை அறிவுக்காகக் கட்டப்படும் ராட்சதக் கம்ப்யூட்டர் கூடங்கள் நினைவுச் சில்லுகளை மூட்டை மூட்டையாக வாங்கின. தொழிற்சாலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. அமெரிக்காவில் யாரோ கட்டும் கூடம், சென்னையில் தையற்காரரின் பையைத் தொடுகிறது!

மகள் ஒரு கணக்குப் போடுகிறாள். 8 ஜி.பி. ரேம் இரண்டு போட்டால் நல்லது. இரண்டாகப் போடும்போது தகவல் இரண்டு வழியில் ஓடும். கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு அது பெரிய பலம். ஆனால் பணம் இடிக்கிறது. இப்போது ஒன்று, இன்னொன்று பிறகு. போர்டில் இரண்டு இடம் இருந்தால் போதும்.

பழைய டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. துவாரம் இருக்கிறது. ஆகவே மானிட்டரும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வட்டுச் சுழலும் ஹார்டு டிஸ்க் வேண்டாம்; 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். கம்ப்யூட்டர் திறக்க நிமிஷக்கணக்கில் காத்திருக்கும் தொல்லை அதோடு போயிற்று.

கஞ்சத்தனம் கூடாத இடம்

"எஸ்.எம்.பி.எஸ். பெட்டியோடு சும்மாவே வருது தங்கச்சி" என்கிறார் கடைக்காரர். எல்லாவற்றிலும் சிக்கனம் பார்த்த மகள் இங்கே தலையை ஆட்டுகிறாள்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, 12 வோல்ட், 5 வோல்ட் என்று பக்குவப்படுத்திக் கொடுக்கும் சாதனம். வீட்டில் எல்லோருக்கும் ஒருத்தியே சோறு போடுகிற மாதிரி, எல்லாப் பாகத்துக்கும் அது ஒன்றே தீனி போடுகிறது. சோற்றில் விஷம் கலந்தால்? மட்டமான எஸ்.எம்.பி.எஸ். சாகும்போது சில சமயம் தனியாகச் சாவதில்லை. போர்டையும் எஸ்.எஸ்.டி.யையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதிலும் '450 வாட்' என்று எழுதியிருக்கும். லேபிளில் எழுத மைதானே செலவு! 5600ஜி 65 வாட் வகை. கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்தக் கம்ப்யூட்டருக்கு உண்மையான 450 வாட் தாராளம். பெரிய எண்ணைத் தேட வேண்டாம். பெயர் பெற்ற கம்பெனியா, '80 பிளஸ்' முத்திரை இருக்கிறதா, மூன்று ஆண்டாவது உத்தரவாதம் உண்டா என்று பாருங்கள். சில ஆயிரம் ஆகும். விளக்குப் பெட்டியை விட்டுவிட்டுச் சாதாரண இரும்புப் பெட்டி வாங்கினால் அதில் ஒரு பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

பில் கட்டாயம் வேண்டும். பில் இல்லாவிட்டால் வரி மிச்சம் என்பார்கள். ஆறு மாதத்தில் போர்டு கெட்டால் உத்தரவாதத்துக்கு எதைக் காட்டுவது? பாகங்களின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

இரவு 9 மணி

வீட்டுக் கூடத்தில், தையல் மேஜை மேல் பாகங்கள் பரப்பியிருக்கின்றன. மகள் முதலில் இரும்புப் பெட்டியைத் தொடுகிறாள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்காமல் இருக்க அது ஒரு வழி. பிராசசரின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம், சாக்கெட்டிலும் ஒன்று. இரண்டும் சேர வைத்தால் அதுவாக உள்ளே இறங்குகிறது. அழுத்தினால் ஊசிகள் வளைந்து பணம் போய்விடும். இந்த ஓர் இடத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.

எல்லாம் மாட்டியாயிற்று. சுவிட்சைப் போடுகிறாள். விசிறி சுற்றுகிறது. டி.வி.யில் ஒன்றும் வரவில்லை!

தகப்பனார் முகம் வெளுக்கிறது. "போச்சாம்மா?"

மகள் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறாள். ரேமின் ஒரு முனை சற்றுத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. புதிதாக மாட்டுகிறவர்களுக்கு அடிக்கடி நேர்வது இதுதான். கட்டை விரலால் நேராக அழுத்துகிறாள். 'டிக்'.

மறுபடியும் சுவிட்ச். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வருகின்றன.

தகப்பனார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்.

"ஏம்மா, அதுக்குப் பக்கத்துல ஓர் இடம் காலியா இருக்கே?"

"அது அடுத்த தீபாவளிக்கு அப்பா."