பழைய கட்டில் இருந்தா போதும்.. 10 கோழிக்கு கூண்டு ரெடி! ஆனா இந்த 2 விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

நாலு நாட்டுக்கோழி வாங்கி வளர்க்கலாம்னு பலருக்கும் ஆசை இருக்கும். ஆனா கடையில் கூண்டு விலையைக் கேட்டதும் அந்த ஆசையை அப்படியே ஓரம் கட்டிவிடுவார்கள். உண்மையில் கோழிக்கு அழகான கூண்டு தேவையில்லை. இரவில் பாதுகாப்பு, நனையாத இடம், நல்ல காற்றோட்டம். இந்த மூன்றும் இருந்தால் போதும். வீட்டில் சும்மா கிடக்கும் பொருட்களை வைத்தே இதைச் செய்துவிடலாம். எப்படி?

எவ்வளவு இடம் வேண்டும்?

பகல் முழுக்க வெளியே மேய்ந்துவிட்டு இரவில் மட்டும் அடையும் கோழி என்றால், ஒன்றுக்கு சுமார் ஒன்றரை சதுர அடி போதும். 6 அடி நீளம், 3 அடி அகலமுள்ள பழைய இரும்புக் கட்டில் என்றால் 18 சதுர அடி. அதில் 10 முதல் 12 கோழிகள் அடையலாம். நாள் முழுக்க அடைத்தே வைப்பதென்றால் இந்தக் கணக்கு சரிவராது. கோழிகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கூண்டு கட்டுவது எப்படி?

* தரை: கட்டில் கால்களை ஹாலோ பிளாக் கற்கள் மேல் ஏற்றி, 2 அடி உயரத்துக்காவது கொண்டுவாருங்கள். கட்டில் பட்டைகள் மேல் கம்பி வலையை இழுத்துக் கட்டினால் எச்சம் கீழே விழுந்துவிடும். கீழே பழைய சாக்கு விரித்து வைத்தால், அள்ளி மட்கவைத்து செடிகளுக்கு உரமாகப் போடலாம்.

* தூண்: சவுக்குக் கம்பு அல்லது பழைய இரும்புக் குழாய். முன்பக்கம் 4 அடி, பின்பக்கம் 3 அடி வைத்தால் மழைத்தண்ணீர் பின்னால் ஓடிவிடும்.

* கூரை: பழைய தகரம் போதும். ஆனா வெறும் தகரம் வெயிலில் கொதிக்கும். மேலே தென்னங்கீற்று போடுங்கள். பழைய பிளெக்ஸ் பேனரை மழைக்காலத்தில் சாரல் அடிக்கும் பக்கம் தொங்கவிடலாம். நாலு பக்கமும் மூடிவிடாதீர்கள், காற்று போகாது.

* அடையும் கம்பு: கோழிக்கு உயரத்தில் உட்கார்ந்து தூங்குவதுதான் பழக்கம். 2 அங்குல தடிமனில் உருண்டையான கம்பு கட்டுங்கள்.

* முட்டையிட: 5 கோழிக்கு ஒரு பழைய கூடை, உள்ளே வைக்கோல். இதை அடையும் கம்பை விட தாழ்வாக வையுங்கள். உயரமாக வைத்தால் கூடையிலேயே படுத்து அசிங்கம் செய்துவிடும்.

கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் நேராக உள்ளே அடிக்காது.

எந்த 2 விஷயத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது?

முதலாவது, வலை. அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழி வலை, கோழி வெளியே போகாமல்தான் தடுக்கும். உள்ளே வருவதைத் தடுக்காது. தெருநாய் பிய்த்துவிடும், பாம்பும் பெருச்சாளியும் கண் வழியாகவே நுழைந்துவிடும். அரை அங்குல சதுரக் கண் கொண்ட வெல்டு மெஷ் வாங்குங்கள். மற்றதில் மிச்சமாகும் பணத்தை இதில் போடுங்கள்.

இரண்டாவது, தாழ்ப்பாள். கயிறு, வளைத்த கம்பி எல்லாம் வேண்டாம். நல்ல இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று போட்டு, பொழுது சாய்ந்ததும் பூட்டிவிடுங்கள். மரநாய் ஒருமுறை உள்ளே புகுந்தால், ஒரு வருஷம் வளர்த்த கோழி ஒரே ராத்திரியில் போய்விடும்.

எதைப் பயன்படுத்தவே கூடாது?

* உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வெட்டும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்கு ஆபத்து.
* பூச்சிமருந்து டப்பாக்கள். எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் வைக்க வேண்டாம்.
* கழுவாத பழைய மரம். இடுக்குகளில் பேன், உண்ணி ஒளிந்திருக்கும். தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, சுண்ணாம்பு அடித்த பிறகே பயன்படுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. கூண்டு மரநாயைத் தடுக்கும், வெள்ளைக்கழிச்சலைத் தடுக்காது. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு, குஞ்சுப் பருவத்திலேயே தடுப்பூசி போட ஆரம்பித்துவிடுங்கள்.